ஆவணம் யார் கையில்? பிரிட்டனின் வெளியுறவுத் தெரிவுக்குழுவும் மனித உரிமைக் கேள்விகளும்

1984 ஜூலையில் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சக அதிகாரி கிளைவ் பாண்டிங் இரண்டு ஆவணங்களை ஓர் உறையிலிட்டு, தொழிற்கட்சி உறுப்பினர் டாம் டாலியெலுக்குப் பெயர் குறிப்பிடாமல் அனுப்பினார். அதற்கு இரண்டாண்டு முன்பு, 1982 மே 2 அன்று, ஃபாக்லாந்து போரின்போது அர்ஜென்டினாவின் ‘ஜெனரல் பெல்கிரானோ’ போர்க்கப்பலை பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்திருந்தது. இறந்தவர்கள் 323 பேர். கப்பல் பிரிட்டிஷ் படையை நெருங்கி வந்துகொண்டிருந்தது என்பதுதான் அரசு முதலில் அவைக்குச் சொன்ன கதை. உண்மையில், தாக்கப்பட்ட நேரத்தில் அது விலகிப் போய்க்கொண்டிருந்தது. பாண்டிங் அனுப்பிய ஆவணங்களில் ஒன்று, இதைப் பற்றி விசாரிக்கும் நாடாளுமன்ற வெளியுறவுத் தெரிவுக்குழுவிடம் எந்தெந்தத் தகவலைக் கொடுக்காமல் இருக்கலாம் என்று அமைச்சர்களுக்கு யோசனை சொல்லும் உள்குறிப்பு.

டாலியெல் அதை, யாருக்குத் தெரியக்கூடாது என்று எழுதப்பட்டதோ அந்தக் குழுவிடமே கொண்டுபோய்ச் சேர்த்தார். குழுத் தலைவர் சர் ஆண்டனி கெர்ஷா, ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர். தம் குழுவை ஏமாற்றத் திட்டமிட்ட காகிதம் கைக்கு வந்ததும் அவர் செய்த காரியம், அதைப் பாதுகாப்பு அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைனிடம் திருப்பிக் கொடுத்தது. அனுப்பியவர் யார் என்பது விரைவில் தெரிந்துவிட்டது. அரசு ரகசியச் சட்டத்தின் கீழ் பாண்டிங் மீது வழக்குத் தொடரப்பட்டது. நீதிபதியின் வழிகாட்டல் அவருக்கு எதிராக இருந்தும், 1985 பிப்ரவரியில் ஜூரிகள் அவரை விடுதலை செய்தனர். அதே ஆண்டில் வெளிவந்த குழுவின் அறிக்கையில் ஆளுங்கட்சிப் பெரும்பான்மை அரசின் பக்கம் நின்றது. தொழிற்கட்சி உறுப்பினர்கள் தனி அறிக்கை எழுதினார்கள்.

வெளியுறவுக் கொள்கையை நாடாளுமன்றம் கண்காணிக்கிறது என்று பாடப்புத்தகங்கள் எழுதுவதை இந்த ஒரு நிகழ்ச்சியை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். குழுவுக்கு அதிகாரம் இருந்ததா என்பதைவிட, ஆவணம் யார் கையில் இருந்தது என்பதே அங்கே விஷயத்தைத் தீர்மானித்தது. அதற்குப் பிந்தைய நாற்பதாண்டு வரலாற்றைப் புரட்டினாலும் கேள்வி பெரிதாக மாறிவிடவில்லை.

துறைவாரித் தெரிவுக்குழுக்கள் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் 1979இல்தான் தோன்றின. வெளியுறவுக் குழு அவற்றில் ஒன்று. கட்சிகளின் பலத்துக்கு ஏற்ப உறுப்பினர்கள் அமர்கிறார்கள். ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கும் அதிகாரம் ஏட்டில் உண்டு. அறிக்கை வெளிவந்தால் இரண்டு மாதத்துக்குள் அரசு பதில் எழுத வேண்டும் என்பது மரபு. ஆனால் குழு உருவான மறு ஆண்டே அரசு தன் அதிகாரிகளுக்கு ஒரு கையேடு தயாரித்தது. எழுதிய அதிகாரியின் பெயரால் ‘ஆஸ்மதர்லி விதிகள்’ என்று அதை அழைப்பார்கள். குழுவின் முன் வரும் அதிகாரி தம் அமைச்சரின் சார்பில், அமைச்சரின் வழிகாட்டலின்படி பேசுகிறார் என்பது அதன் சாரம். அமைச்சர்களுக்குக் கொடுத்த ஆலோசனை என்ன, துறைகளுக்குள் நடந்த விவாதம் என்ன என்பதெல்லாம் வெளியே சொல்லக்கூடியவை அல்ல. நாடாளுமன்றம் இந்த விதிகளை ஒருபோதும் ஏற்றுக்கொள்ளவில்லை. அரசு ஒருபோதும் கைவிடவுமில்லை.

ஒரு விஷயத்தில் பிரிட்டனைப் பாராட்டத்தான் வேண்டும். அங்கே வெளியுறவு அமைச்சரே குழு முன் வந்து அமர்ந்து, மக்கள் பார்க்கும்படி மணிக்கணக்கில் பதில் சொல்கிறார். இந்தியாவில் வெளியுறவு நிலைக்குழு கூடுவது மூடிய அறையில். அங்கே வந்து பதில் சொல்பவர்கள் அதிகாரிகள்.

மனித உரிமை இந்தக் கதைக்குள் நுழைந்தது 1997 மே 12 அன்று. ஆட்சிக்கு வந்து பத்துப் பன்னிரண்டு நாளிலேயே தொழிற்கட்சி வெளியுறவு அமைச்சர் ராபின் குக், நாட்டின் வெளியுறவுக் கொள்கைக்கு ஓர் அறநெறிப் பரிமாணம் இருக்க வேண்டும் என்று அறிவித்தார். பத்திரிகைகள் அதை ‘அறநெறி வெளியுறவுக் கொள்கை’ என்று சுருக்கிக்கொண்டன. குக்கே அந்தச் சொற்சேர்க்கையால் பின்னர் அவதிப்பட்டார். இந்தோனேசியாவுக்கு பிரிட்டிஷ் ஹாக் போர் விமானங்கள் போவதை நிறுத்த முடியாதபோது எல்லோரும் அதையே அவர் முகத்துக்கு நேரே காட்டினார்கள். ஆனால் அவர் செய்த இன்னொரு காரியம் பேச்சைவிட நீண்டகாலம் நின்றது. 1998 முதல் வெளியுறவு அமைச்சகம் ஆண்டுதோறும் மனித உரிமை அறிக்கை வெளியிடத் தொடங்கியது. எந்த நாட்டில் என்ன நடக்கிறது, அதைப் பற்றி பிரிட்டன் என்ன செய்தது என்று அரசு தன் கைப்பட எழுதித் தரும் வாக்குமூலம் அது. குழுவுக்கு அது பெரிய வரம். ஆவணத்தைக் கேட்டு அலைய வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை தானே வந்துவிடுகிறது. அதை வரிவரியாக எடுத்துவைத்துக் கேள்வி கேட்டால் போதும்.

குக்கின் அறநெறிக்கு அடுத்த அடி விழுந்தது சியரா லியோனில். ஐ.நா. ஆயுதத் தடை இருக்கும்போதே ‘சாண்ட்லைன்’ என்ற பிரிட்டிஷ் தனியார் ராணுவ நிறுவனம், பதவியிழந்த அதிபர் கப்பாவின் தரப்புக்கு 1998இல் ஆயுதம் கொண்டுபோனது. பிரிட்டிஷ் தூதருக்கு அது தெரிந்திருந்தது. வெளியுறவுக் குழு, அமைச்சகத்துக்கும் தூதரகத்துக்கும் இடையே பரிமாறப்பட்ட தந்திகளைக் கேட்டது. அரசு தன் சொந்த விசாரணை முடியட்டும் என்று மறுத்தது. இழுபறிக்குப் பிறகு 1999 பிப்ரவரியில் குழு அறிக்கை வெளியிட்டு, அமைச்சகத்தின் உயர் அதிகாரிகளைக் கடுமையாகச் சாடியது. கூத்து என்னவென்றால், அந்த அறிக்கையின் வரைவு வெளிவருவதற்கு முன்பே குக்கின் கையில் இருந்தது! கொடுத்தவர் குழு உறுப்பினரான எர்னி ராஸ், ஆளுங்கட்சிக்காரர். அவர் குழுவிலிருந்து விலகினார். பின்னர் அவையிலிருந்து இடைநீக்கமும் செய்யப்பட்டார். குழு கேட்ட காகிதம் அரசிடமிருந்து வரவில்லை, குழுவின் காகிதமோ அரசிடம் போய்விட்டது.

ஆளுங்கட்சிக் கொறடாக்கள்தான் தங்கள் தரப்பு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்துவந்தார்கள் என்ற அன்றைய நிலையில் இது ஆச்சரியமில்லை. 2001இல் அவர்கள், சுதந்திரமாகப் பேசுகிறார் என்பதற்காக வெளியுறவுக் குழுத் தலைவர் டொனால்ட் ஆண்டர்சனையே தூக்கப் பார்த்தார்கள். சொந்தக் கட்சி உறுப்பினர்களே எதிர்த்து வாக்களித்து அதை முறியடித்தனர். 2010 முதல் குழுத் தலைவர்களை முழு அவையும் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது. நான் பார்த்தவரை, 1979க்குப் பிறகு இந்தக் குழுக்களுக்கு நேர்ந்த மிகப் பெரிய நன்மை இதுதான். அதற்குப் பிந்தைய அறிக்கைகளின் தொனியிலேயே வேறுபாடு தெரியும்.

பஹ்ரைன் இதற்கு நல்ல உதாரணம். 2011 கிளர்ச்சியை அந்த நாட்டு அரசு ரத்தம் சிந்தி அடக்கியது. மருத்துவர்கள்கூடச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஆனால் அவ்வாண்டுக்கான மனித உரிமை அறிக்கையில் ‘கவலைக்குரிய நாடுகள்’ பட்டியலில் பஹ்ரைன் இல்லை. தனி ஆய்வுக் குறிப்பாக ஓர் ஓரத்தில் அது இடம்பெற்றது. பட்டியலில் சேர்க்காததற்கு என்ன தர்க்கம் என்று குழு கேட்டது. பிரிட்டிஷ் கடற்படைக்கு அங்கே தளம் உண்டு. சவூதி அரேபியா பக்கத்து வீடு. இதையெல்லாம் எந்த அமைச்சரும் காரணமாகச் சொல்லப் போவதில்லை. 2012இல் குழு, சவூதி அரேபியாவுடனும் பஹ்ரைனுடனும் பிரிட்டனின் உறவைப் பற்றித் தனி விசாரணை தொடங்கியபோது, தங்களை அவமதித்துவிட்டார்கள் என்று சவூதி தரப்பு வெளிப்படையாகக் கோபித்தது. எனக்கு இது குழுவுக்குக் கிடைத்த நற்சான்றிதழாகவே படுகிறது. பயனில்லாத சடங்கைக் கண்டு எந்த அரசும் கோபப்படாது. 2014 தொடக்கத்துக்குள் முன்னேற்றம் இல்லாவிட்டால் பஹ்ரைனைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 2013 அறிக்கை சொன்னது. கெடு வந்தது, போனது, அரசு அசையவில்லை.

ஆனால் கேள்வி தேங்கிவிடவில்லை. 2015 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகத்தின் புதிய நிரந்தரச் செயலர் சர் சைமன் மெக்டொனால்ட் குழு முன் வந்தார். மனித உரிமை இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள். முதன்மையான இலக்குகளில் அது இல்லை, வணிக வளம் அதைவிட மேலே இருக்கிறது என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அவ்வளவு வெளிப்படையாக எந்த அமைச்சரும் பேசியதில்லை. அதிகாரி அமைச்சரின் சார்பில் பேசுகிறார் என்ற விதி இம்முறை அமைச்சருக்கு எதிராகத் திரும்பியது. செய்தி பரவி, மறுப்பும் விளக்கமும் வந்தன. அடுத்த ஆண்டு வெளிவந்த குழுவின் அறிக்கை, மனித உரிமை பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது என்ற எண்ணம் பரவியிருப்பதைப் பதிவு செய்தது. ஓர் ஆவணத்தைவிட ஓர் அதிகாரியின் வாய்தவறிய நேர்மை அதிகம் சொல்லிவிட்ட அபூர்வமான தருணம் அது.

வாய் தவறுவது எப்போதும் நன்மை தருவதில்லை. 2017 நவம்பர் 1 அன்று, அன்றைய வெளியுறவு அமைச்சர் போரிஸ் ஜான்சன், ஈரானில் சிறையிலிருந்த நாசனின் ஜகாரி-ராட்கிளிஃப் அங்கே இதழியல் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று இதே குழுவிடம் சொன்னார். அவர் போனது விடுமுறையில், பெற்றோரைப் பார்க்க. சில நாட்களிலேயே அந்தப் பெண்ணை ஈரானிய நீதிமன்றத்தில் நிறுத்தி, அமைச்சரின் வாக்கையே ஆதாரமாகக் காட்டினார்கள். கோப்பை ஒழுங்காகப் படிக்காமல் வந்த ஓர் அமைச்சரின் ஒரு வாக்கியம். நாசனின் பிரிட்டன் திரும்பியது 2022 மார்ச்சில்.

இலங்கை விவகாரத்தில் குழு நடந்துகொண்ட விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரிவது இங்கேதான்.

2009 மே மாதம் போர் முடிந்தது. அதே ஆண்டில், நான்கு தெரிவுக்குழுக்களின் உறுப்பினர்கள் சேர்ந்து அமர்ந்த ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. இலங்கைக்கான ஏற்றுமதி உரிமங்கள் அனைத்தையும் அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும். பிரிட்டன் விற்ற ஆயுதங்களும் உதிரிபாகங்களும் அந்த இறுதிப் போரில் எவ்வளவு பயன்பட்டன என்று மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றது. நல்ல கேள்வி. ஆனால் ஆயுதம் போய்ச் சேர்ந்து, போரும் முடிந்த பிறகு கேட்ட கேள்வி. உரிமம் வழங்குவதற்கு முன்பே நாடாளுமன்றத்துக்குக் காட்ட வேண்டும் என்று இந்தக் குழு பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது. அரசுகள் ஒவ்வொன்றும், எந்தக் கட்சியானாலும், முடியாது என்று சொல்லிவிட்டன.

2009 நவம்பரில் டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் காமன்வெல்த் அரசுத் தலைவர்கள் கூடினார்கள். 2011 மாநாட்டை இலங்கையில் நடத்துவதை பிரிட்டன் மனித உரிமைக் காரணம் காட்டி எதிர்த்தது. சரி, 2013இல் நடத்தட்டும் என்ற யோசனை வந்தபோது குறுக்கே நிற்கவில்லை. நிலைமை மேம்பட்டால்தான் நடத்தலாம் என்று நிபந்தனை போடவும் இல்லை. ராஜதந்திரத்தில் அடிக்கடி நடக்கும் வேலை இது: இன்று சொல்ல வேண்டிய ‘இல்லை’யை நான்காண்டு தள்ளிப்போட்டு, அதை வெற்றியாகக் கணக்கெழுதிக்கொள்வது.

2012 நவம்பரில் வெளியுறவுக் குழு, காமன்வெல்த் பற்றிய தன் அறிக்கையில், இலங்கையில் உண்மையான, சுயேச்சையாகச் சரிபார்க்கப்பட்ட முன்னேற்றம் இல்லாவிட்டால் தான் கொழும்பு மாநாட்டுக்குப் போக மாட்டேன் என்று பிரதமர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. டேவிட் கேமரன் அப்படி எதையும் சொல்லவில்லை. மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன், 2013 அக்டோபரில், மனித உரிமைப் பணிகள் பற்றிய அறிக்கையில் குழு பழைய கணக்கைத் திறந்தது. 2009இல் அரசு நடந்துகொண்ட விதம் துணிவற்றதாகத் தெரிகிறது. அப்போதே கொள்கை சார்ந்து நின்றிருக்க வேண்டும். 2011 மாநாட்டுக்குப் பிறகாவது உறுதி காட்டியிருக்க வேண்டும் என்று எழுதியது. கூட்டணி அரசின் காலத்தில் எழுதப்பட்ட அந்தத் தீர்ப்பு முந்தைய தொழிற்கட்சி அரசையும் விட்டுவைக்கவில்லை, நடப்பு அரசையும் விட்டுவைக்கவில்லை.

நான்காண்டு கழித்து வந்த தீர்ப்புக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். கனடாவின் ஸ்டீபன் ஹார்ப்பர் போகவில்லை. மன்மோகன் சிங் போகவில்லை, மொரிஷியஸ் பிரதமரும் போகவில்லை. கேமரன் போனார். ஆனால் வெறுங்கையுடன் போக முடியாத நிலை உருவாகியிருந்தது. அவர் யாழ்ப்பாணம் சென்றார். சுதந்திரத்துக்குப் பிறகு வடக்குக்குப் போன முதல் வெளிநாட்டு அரசுத் தலைவர் அவர்தான். 2014 மார்ச்சுக்குள் நம்பத்தக்க விசாரணை தொடங்காவிட்டால் சர்வதேச விசாரணை கோருவோம் என்று அங்கே கெடு வைத்தார். அந்த மார்ச்சில் ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை 23 வாக்குகளுடன் விசாரணைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. எதிர்த்தவை 12 நாடுகள், வாக்களிக்காமல் விலகியவை 12. விலகியவற்றில் இந்தியாவும் ஒன்று. தீர்மானம் குழுவால் வந்தது என்று நான் சொல்லவில்லை. சேனல் 4 காணொளிகள், புலம்பெயர்ந்த தமிழர்களின் போராட்டம், அமெரிக்காவின் நிலைப்பாடு எல்லாம் சேர்ந்தே அதைச் செய்தன. ஆனால் பிரதமர் போவதற்கான விலையைக் குழுவின் இரண்டு அறிக்கைகள் உயர்த்தியிருந்தன.

ஆவணம் முற்றிலும் மறைக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆள் கடத்தல் விவகாரம் சாட்சி. 2001க்குப் பிறகு அமெரிக்க உளவுத்துறை சந்தேக நபர்களை நாடு நாடாகத் தூக்கிச் சென்று சித்திரவதைக்கு ஒப்படைத்தது. பிரிட்டனுக்கு அதில் பங்குண்டா என்று 2005 டிசம்பரில் வெளியுறவுக் குழு கேட்டது. சதிக் கதைகளை நம்பினாலொழிய அப்படிச் சொல்வதற்கு அடிப்படையே இல்லை என்ற தொனியில் அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா மறுத்தார். குழுவால் அதற்கு மேல் போக முடியவில்லை. 2008 பிப்ரவரியில், அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த டேவிட் மிலிபாண்ட் அவையில் எழுந்து, 2002இல் இரண்டு அமெரிக்கக் கடத்தல் விமானங்கள் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான டியகோ கார்சியாவில் இறங்கியிருந்தன என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அமெரிக்கா தவறான தகவல் தந்துவிட்டது என்றார். 2011 செப்டம்பரில் கடாஃபி ஆட்சி கவிழ்ந்தபோது, லிபிய உளவுத்துறைத் தலைவரின் அலுவலகக் கோப்புகளில் பிரிட்டிஷ் உளவு அமைப்பான எம்.ஐ.6இன் மூத்த அதிகாரி ஒருவர் 2004இல் எழுதிய கடிதம் கிடைத்தது. லிபிய எதிர்ப்பாளர் அப்துல் ஹக்கீம் பெல்ஹாஜ் பிடிபட்டு ஒப்படைக்கப்பட்டதில் பிரிட்டனின் கை இருந்ததை அது காட்டியது. 2016இல் அரசு வழக்குத்துறை, போதிய ஆதாரம் இல்லை என்று யார்மீதும் வழக்குத் தொடரவில்லை. 2018 மே மாதம் தெரேசா மே அரசு பெல்ஹாஜிடம் மன்னிப்புக் கேட்டது.

லண்டனில் ஒரு நாடாளுமன்றக் குழு கேட்டுக் கிடைக்காத பதில், திரிப்போலியில் கைவிடப்பட்ட அலுவலகத்தில் கிடந்தது. உளவுத்துறையைக் கண்காணிக்கும் தனிக் குழு 2018 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில், கைதி கொடுமைப்படுத்தப்படுவது தெரிந்தும் அல்லது சந்தேகம் இருந்தும் பிரிட்டிஷ் தரப்பு கேள்விகளையோ தகவலையோ தொடர்ந்து கொடுத்த 232 சம்பவங்களைப் பதிவு செய்தது. அந்தக் குழுவுக்கும் களத்தில் இருந்த அதிகாரிகளை நேரில் விசாரிக்க அனுமதி தரப்படவில்லை. அதனால் அதன் தலைவர் டொமினிக் கிரீவ் விசாரணையைப் பாதியில் நிறுத்தி, கிடைத்தவரை வெளியிட்டார்.

ஈராக் போரிலும் இதே கதைதான். 2003 ஜூலையில் வெளியுறவுக் குழு, அரசு கொடுத்த மிகக் குறைந்த ஆவணங்களை வைத்துக்கொண்டு அறிக்கை எழுதியது. ஆயுத வல்லுநர் டேவிட் கெல்லியை அழைத்து, தொலைக்காட்சி முன் குறுக்கு விசாரணை செய்தது. மூன்று நாள் கழித்து அவர் இறந்து கிடந்தார். அதையொட்டி அமைந்த ஹட்டன் விசாரணைக்கு, குழுவுக்கு மறுக்கப்பட்ட மின்னஞ்சல்களும் குறிப்புகளும் குவியலாகப் போயின. ஆவணம் கிடைக்காத குழு, கைக்கு எட்டிய மனிதரைப் போட்டு உலுக்கியது என்று நான் சொன்னால் அது கடுமையாக இருக்கலாம், தவறாக இருக்காது.

யேமன் போருக்குச் சவூதி அரேபியா வாங்கிய ஆயுதங்கள் விஷயத்தில் குழுக்கள் தமக்குள்ளேயே பிளந்தன. 2016இல் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் குழுவின் உறுப்புக் குழுக்களில் இரண்டு, விற்பனையை நிறுத்தச் சொல்லின. வெளியுறவுக் குழு, நீதிமன்றம் முடிவெடுக்கட்டும் என்று ஒதுங்கியது. 2019 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம், உரிமம் வழங்கிய முறை சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தது. கடந்தகாலத் தாக்குதல்களில் சட்டமீறல் நடந்ததா என்பதை அரசு மதிப்பிடவே முயலவில்லை என்பது நீதிபதிகளின் குறை. இலங்கை பற்றி 2009இல் குழு கேட்டதும் கிட்டத்தட்ட இதே மதிப்பீட்டைத்தான். 2020 ஜூலையில் அரசு முறையைத் திருத்தி விற்பனையைத் தொடர்ந்தது. 2024இல் அந்தக் கூட்டுக் குழுவும் கலைக்கப்பட்டு, அதன் வேலை வணிகக் குழுவின் துணைக்குழுவுக்குப் போனது. ஆயுத விற்பனையை வணிகத்தைக் கவனிக்கும் குழுவிடம் ஒப்படைத்தது பின்னடைவு என்றே கருதுகிறேன்.

ஒன்றைக் குறிப்பிடாமல் விட்டால் சித்திரம் ஒருபக்கமாகிவிடும். மனித உரிமை மீறியவர்கள் மீது தடை விதிக்கும் அதிகாரத்தை 2018 தடைச் சட்டத்தில் எழுதவைத்தது நாடாளுமன்ற உறுப்பினர்களின் அழுத்தம்தான். அரசு முதலில் தேவையில்லை என்றது; பல கட்சியினர் விடவில்லை. அந்த விதிகள் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. 2025 மார்ச்சில் இலங்கையின் முன்னாள் தளபதிகள் சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய ஆகியோர் மீதும், புலிகளிடமிருந்து பிரிந்த கருணா அம்மான் மீதும் தடை விதிக்கப்பட்டது. போர் முடிந்து ஏறக்குறைய பதினாறு ஆண்டுகள். அவையில் இந்தப் பெயர்கள் எத்தனையோ முறை கேள்வியாக எழுந்து, ‘எதிர்காலத் தடைகள் பற்றி ஊகம் சொல்வதில்லை’ என்ற அதே பதிலைப் பெற்றிருந்தன.

2009 ஏப்ரலில் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் திரண்டு நின்றார்கள். அது தேவைப்பட்ட போராட்டம். அதே கட்டடத்துக்குள் இருக்கும் தெரிவுக்குழுக்களுக்கு எழுத்து மூலமான சாட்சியம் அனுப்ப யாருக்கும் உரிமை உண்டு. பிரிட்டிஷ் குடியுரிமைகூடத் தேவையில்லை. ஏற்கப்பட்ட சாட்சியம் நாடாளுமன்றப் பாதுகாப்புடன் வெளியிடப்படுகிறது. ஆவணம் எப்போதும் அரசின் கையிலேயே இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. தேதி, இடம், படைப்பிரிவு, உரிமம் என்று துல்லியமாகத் திரட்டி வைத்திருக்கும் அமைப்புகள், விசாரணை அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதைக் குழுவிடம் சேர்க்க வேண்டும். போர் முடிந்த பிறகு அல்ல, உரிமம் கையெழுத்தாவதற்கு முன்னால்.